ஒரே பின்னல், இரண்டு பெயர்கள்

குரோஷே பின்னலைக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் எவரும் முதல் சில வாரங்களுக்குள்ளேயே விசித்திரமான சிக்கல் ஒன்றை எதிர்நோக்குகிறார்கள். அந்தச் சிக்கல் ஊசியிலும் இல்லை, நூலிலும் இல்லை, விரல்களிலும் இல்லை. அது சொல்லில் இருக்கிறது. 'ட்ரெபிள்' என்ற ஆங்கிலச் சொல்லினால் பிரித்தானியாவில் அழைக்கப்படுகின்ற பின்னல் ஒன்று. அதே சொல்லினால் அமெரிக்காவில் அழைக்கப்படுகின்ற பின்னல் வேறொன்று. அமெரிக்கர்கள் 'டபிள் குரோஷே' என்று கூறுவதைத்தான் பிரித்தானியர்கள் 'ட்ரெபிள்' என்கிறார்கள். அமெரிக்கர்களின் 'ட்ரெபிள்' பிரித்தானியர்களுக்கு 'டபிள் ட்ரெபிள்'. பிரித்தானியர்களின் 'டபிள் குரோஷே'யோ அமெரிக்கர்களுக்கு 'சிங்கிள் குரோஷே'. ஒரே மொழியைப் பேசுகின்ற இரு நாடுகள் ஒரே கைவேலைக்கு இவ்வாறு ஒரு படி விலகிய இரு பெயர்த் தொகுதிகளை வைத்துக்கொண்டிருக்கின்றன.

அரசியலமைப்புத் திருத்தங்களைப் பற்றியும் தேர்தல் முடிவுகளைப் பற்றியும் எழுதிவருகின்ற ஒரு பத்திரிகையாளனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். செய்தி அறையில் மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக விசைப்பலகையைத் தவிர வேறு எந்தக் கருவியையும் தொட்டறியாத கைகளுக்கு வேறொரு வேலையைக் கொடுத்துப் பார்க்கலாமே என்ற எண்ணத்தில் ஊசியையும் நூலையும் எடுத்தேன் என்பதே நேர்மையான பதில். ஆனால், வேலை கைக்குப் பழகப் பழக, இது வெறும் பொழுதுபோக்கு விவகாரம் அல்ல என்பது தெளிவாகியது. மொழி, உழைப்பு, எது அறிவு என்று மதிக்கப்படுகிறது, எது மதிக்கப்படுவதில்லை என்பன போன்ற, நாம் வழக்கமாக வேறு தலைப்புகளின் கீழ் விவாதிக்கின்ற விடயங்கள் அனைத்தும் அந்தச் சிறிய கொக்கியின் முனையில் வந்து மாட்டிக்கொள்கின்றன.

முதலில் பின்னலைப் பற்றிக் கூறிவிடுகிறேன். குரோஷேயில் எல்லாவற்றுக்கும் அடிப்படை சங்கிலி. அதன் மீது எழுப்பப்படுகின்ற பின்னல்கள் அவற்றின் உயரத்தினால் வேறுபடுகின்றன. ஊசியைக் கண்ணிக்குள் நுழைப்பதற்கு முன்னர் நூலை அதன் மீது எத்தனை தடவை சுற்றுகிறோம் என்பதே அந்த உயரத்தைத் தீர்மானிக்கிறது. எதுவும் சுற்றாமல் நுழைத்தால் குட்டையான பின்னல். ஒரு தடவை சுற்றினால், அதை முடிக்கின்ற விதத்தைப் பொறுத்து, நடுத்தரமான அரைப்பின்னலோ உயரமான பின்னலோ கிடைக்கும். இரண்டு தடவை சுற்றினால் அதனிலும் உயரமானது. நான் கற்றுக்கொள்ள முற்பட்டது இந்த இரண்டு சுற்றுப் பின்னலைத்தான்.

அதன் முறை எளிமையானது. நூலை ஊசியின் மீது இரு தடவை சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுத்தெடுத்தால் ஊசியில் நான்கு கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைப் போட்டு முதல் இரண்டினூடாக இழுத்தால் மூன்று எஞ்சும். அதையே திரும்பச் செய்தால் இரண்டு எஞ்சும். இன்னொரு தடவை செய்தால் ஒன்று மாத்திரம் மிஞ்சும். பின்னல் ஒன்று முடிந்தது. எழுதும்போது இவ்வளவுதான். ஆனால், பழகாத கையில் இரண்டாவது சுற்று, ஊசி கண்ணிக்குள் போவதற்கு முன்னரே வழுகிக் கழன்றுவிடும். அதைச் சுட்டுவிரலால் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டே நுழைக்கவேண்டும் என்பதை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முன்னர் விரலே கண்டுபிடித்துக்கொள்கிறது. வரிசை முடிந்து திரும்பும்போது நான்கு சங்கிலிகள் போடவேண்டும். அந்த நான்கும் சேர்ந்து அடுத்த வரிசையின் முதற் பின்னலாகக் கணக்கிடப்படும். வரிசையின் கடைசிப் பின்னலை முந்தைய வரிசையின் அந்தத் திரும்பு சங்கிலியின் உச்சியில் போடவேண்டும். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அதனால் சதுரமாக ஆரம்பித்த துணி வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து, கூரை ஓடு போலச் சரிந்து மேலே போகும். வரிசைக்கு வரிசை எண்ணிக்கொண்டிருப்பதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் கிடையாது.

எனக்குக் கற்றுத்தந்தவர்கள் இருவர். ஒருவர், யூரியூப்பில் அமெரிக்க ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்குகின்ற முகம் தெரியாத ஒரு பெண்மணி. காணொளியில் தெரிந்தவை அவரது கைகள் மாத்திரமே. மற்றவர், 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நாட்டை விட்டுச் சென்று இன்று ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளுடன் வாழும் எனது அக்கா. 1970களில் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் கன்னியாஸ்திரி ஒருவரிடம் இந்த வேலையைப் பழகியவர் அவர். எமது வீட்டு வானொலிப் பெட்டியின் மீது கிடந்த றேந்தை விரிப்பு அவரது கையால் பின்னப்பட்டது. அவர் படித்தது பிரித்தானிய முறை. காணொளிப் பெண்மணி சொல்வதோ அமெரிக்க முறை. நான் 'ட்ரெபிள்' என்று கூற, அவர் வேறொன்றை மனதில் வைத்துக்கொண்டு திருத்தம் சொல்ல, தொலைபேசியில் அரைமணி நேரம் கழிந்தது. கடைசியில் அக்காதான் முடிச்சை அவிழ்த்தார்: "பேரை விடு தம்பி. குத்திறதுக்கு முன்னம் நூலை எத்தினை தரம் சுத்திறாய் எண்டு சொல்லு."

இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் அடங்கியிருக்கிறது.

பொழுதுபோக்காகப் பின்னுகிறவனுக்கு இந்தக் குழப்பத்தினால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்னலாம். ஆனால், அதை நம்பிச் சீவிக்கிறவர்களின் நிலை வேறு. வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு மாதிரியைப் பார்த்துப் பின்னுகின்ற பெண், அதில் உள்ள 'ட்ரெபிள்' எந்த நாட்டினுடையது என்று அறியாவிட்டால் ஒவ்வொரு வரிசையிலும் உயரம் பிழைக்கும். நூலின் அளவு பிழைக்கும். முடிவில் முழுப் பொருளுமே சொன்ன அளவில் இருந்து விலகிப்போகும். அவிழ்ப்பதற்கும் திரும்பப் பின்னுவதற்குமான நேரத்துக்கு எவரும் கூலி தருவதில்லை. ஒரு மாதிரியில் 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் எங்காவது காணப்பட்டால் அது அமெரிக்க முறை என்று அறிந்துகொள்ளலாம். இன்றைய பிரித்தானிய முறையில் அந்தப் பெயரே கிடையாது. இந்தச் சிறிய தகவலைத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலே எத்தனையோ பேரின் எத்தனையோ மணித்தியாலங்கள் மிஞ்சும்.

ஊசியின் அளவிலும் இதே கதைதான். பழைய பிரித்தானிய அளவுமுறையில் இலக்கம் கூடக்கூட ஊசி மெல்லியதாகும். நூற்கண்டுகளுக்குப் பயன்படும் சாதாரண ஊசிகளுக்கான அமெரிக்க முறையில் எழுத்து வரிசை முன்னேற முன்னேற ஊசி தடிக்கும். மில்லிமீற்றரில் சொல்லப்படுகின்ற அளவுதான் எங்கும் குழப்பமின்றிச் செல்லுபடியாகும்.

மற்றைய மொழிகள் இந்தச் சிக்கலை எவ்வாறு கையாண்டிருக்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. ஜேர்மன் மொழியில் ஒரு சுற்றுப் பின்னலுக்கு 'சிறிய கோல்' என்று பொருள்படும் பெயர். இரண்டு சுற்றுக்கு 'இரட்டைக் கோல்'. ஜப்பானியர்கள் ஒரு சுற்றுப் பின்னலை 'நீளப் பின்னல்' என்கிறார்கள். இரண்டு சுற்று 'நீள நீளப் பின்னல்'. மூன்று சுற்றுக்கு வந்ததும் 'மூன்று சுற்று நீளப் பின்னல்' என்றே எண்ணிக்கையைப் பெயரில் வைத்துவிடுகிறார்கள். அத்துடன், ஜப்பானியப் பின்னல் நூல்களில் பெருமளவில் பயன்படுத்தப்படுபவை குறியீட்டு வரைபடங்கள். அவற்றில் உயரமான பின்னல் ஒரு நெடுங்கோடாகவும் அதன் தலையில் ஒரு குறுக்குக்கோடாகவும் வரையப்படும். நூலை எத்தனை தடவை சுற்றவேண்டுமோ அத்தனை சாய்கோடுகள் அதன் உடலில் போடப்பட்டிருக்கும். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவரும் அதைப் பார்த்துப் பின்னிவிடலாம். அக்கா தொலைபேசியில் சொன்னதைத்தான் அந்தக் குறியீடும் சொல்கிறது. எத்தனை சுற்று என்பதே கேள்வி.

தமிழில் என்ன இருக்கிறது? 'சங்கிலித் தையல்', 'சிலுவைத் தையல்' என்று துணியில் போடும் தையல்களுக்குப் பெயர்கள் உண்டு. ஆனால், குரோஷேயின் உயரப் பின்னல்களுக்கு, பலரும் ஏற்றுப் பயன்படுத்துகின்ற நிலைபெற்ற தமிழ்ப் பெயர்கள் இருப்பதாக நான் காணவில்லை. நான் பார்த்த தமிழ்க் காணொளிகளில் ஆங்கிலப் பெயர்களே ஆளப்படுகின்றன. அவற்றிலும் ஒருவர் அமெரிக்க முறையையும் இன்னொருவர் பிரித்தானிய முறையையும் பின்பற்றுகிறார்கள். இரண்டு வல்லரசுகளின் குழப்பத்தை நாம் எவ்விதக் கேள்வியுமின்றி இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்.

இலங்கைத் தமிழர்களைப் பொறுத்தவரை இது சற்று வெட்கப்பட வேண்டிய விடயம் என்றுதான் கூறுவேன். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட நாடு இது. இரசாயனத்தையும் பௌதிகத்தையும் தாவரவியலையும் தமிழில் கற்பித்துக் காட்டிய ஆசிரியர்களின் பரம்பரை எமது பரம்பரை. அணுவின் உள்ளே இருப்பவற்றுக்கெல்லாம் பெயர் சூட்டிய ஒரு சமூகம், தனது வீடுகளின் கதிரைகளையும் மேசைகளையும் அலங்கரித்த பின்னலுக்கு ஏன் பெயர் வைக்கவில்லை? இதற்கு ஒரே பதில்தான் எனக்குத் தோன்றுகிறது. அதை நாம் அறிவு என்று கருதவில்லை. அது பெண்பிள்ளைகள் விடுமுறையில் செய்வது. அறிவுக்குத்தான் கலைச்சொல் வேண்டும், பொழுதுபோக்குக்கு எதற்கு?

நான் தனித்தமிழ்வாதம் பேசவரவில்லை. 'றேந்தை' என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியில் இருந்து வந்ததுதான். கதிரையும் அலுமாரியும் அவ்வாறே வந்தன. வந்த சொற்கள் எமது வீட்டுச் சொற்களாகிவிட்டன. அவற்றால் எவருக்கும் குழப்பம் இல்லை. குழப்பத்தைத் தருகின்ற சொல்லைத்தான் மாற்றவேண்டும் என்கிறேன். 'குரோஷே' என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். உயரமான பின்னல்களை மாத்திரம் 'ஒரு சுற்று நெடும்பின்னல்', 'இரு சுற்று நெடும்பின்னல்', 'மூன்று சுற்று நெடும்பின்னல்' என்று அழைக்கலாம். பெயரைக் கேட்டவுடனேயே செய்முறையின் முதற்படி கைக்குத் தெரிந்துவிடும். எந்த நாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாலும் சுற்றுகளை எண்ணிவிட்டால் தமிழ்ப் பெயர் தானாகவே வரும். இதைவிடச் சிறந்த பெயர்கள் வேறு எவருக்காவது தோன்றினால் மகிழ்ச்சியுடன் எனது சொற்களைக் கைவிடத் தயாராக இருக்கிறேன்.

"வேலை தெரிந்தவளுக்குப் பெயர் எதற்கு? எமது தாய்மார் பெயர் தெரியாமலா பின்னினார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பவர் இருக்கும்வரை பெயர் தேவையில்லைதான். 'இப்பிடிச் சுத்தி, இப்பிடி இழு' என்பதே போதும். ஆனால், அந்தப் பக்கத்து இருக்கை இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது? பழகியவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். பழக விரும்புகிறவர்கள் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். சிதறிய சமூகத்துக்குச் சொல் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. தொலைவில் இருக்கின்ற ஒரு கையை வழிநடத்துவதற்குச் சொல்லை விட்டால் வேறு எதுவும் கிடையாது.

இனி உழைப்புக்கு வருகிறேன். நாம் உடுத்துகின்ற பின்னலாடைகள் பெரும்பாலும் இயந்திரத்தில் செய்யப்படுபவை. ஆனால், உண்மையான குரோஷே பின்னலைச் செய்துதருகின்ற இயந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. இயந்திரத்தில் செய்து குரோஷே போலத் தோற்றமளிக்கின்ற துணிகள் உண்டு; அவை கட்டமைப்பில் வேறானவை. அதாவது, கொழும்பிலோ பாரிசிலோ ஒரு கடையில் உண்மையான குரோஷே சட்டை ஒன்று மலிவான விலையில் தொங்குகிறது என்றால், உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு மனிதக் கை அதன் ஒவ்வொரு கண்ணியையும் போட்டிருக்கிறது. அந்தக் கைக்குக் கிடைத்தது அந்த மலிவு விலையிலும் ஒரு சிறு பங்கு.

நான் கணக்குப் பார்த்தேன். இரு சுற்று நெடும்பின்னல் ஒன்றுக்கு இரண்டு சுற்று, ஒரு நுழைவு, அதன் பின்னர் நூலைப் போடுவதும் இழுப்பதுமாக நான்கு சோடி என்று மொத்தம் 11 அசைவுகள். வரிசைக்கு 40 பின்னல்களாக 30 வரிசைகள் கொண்ட ஒரு சிறிய விரிப்புக்கு 1,200 பின்னல்கள், 13,200 அசைவுகள். பின்னல் உயரமானால் வேலை விரைவில் முடியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். குட்டைப் பின்னலுடன் ஒப்பிட்டால் அது உண்மை. குட்டைப் பின்னலுக்கு 5 அசைவுகள். ஆனால், ஒரு சங்கிலி உயரமே கிடைக்கிறது. ஒரு சுற்றுப் பின்னலுக்கு 8 அசைவுகளில் மூன்று சங்கிலி உயரம். இரு சுற்றுக்கு 11 அசைவுகளில் நான்கு. ஒரு சங்கிலி உயரத்துக்கு எத்தனை அசைவு என்று வகுத்துப் பார்த்தால் கடைசி இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. திரும்பும் தடவைகள் குறையலாம். கையின் உழைப்பு குறைவதில்லை. "இது லேசான வேலைதானே, கெதியாக முடிந்துவிடும்" என்று விலை பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்தப் பின்னலின் வரலாறு வறுமையுடன் பின்னிப்பிணைந்தது. அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரில் நோய் பரவி ஏற்பட்ட பெரும் பஞ்சத்தின்போது கோர்க்கில் கன்னியாஸ்திரிகளும் குளோன்ஸ் போன்ற இடங்களில் வேறு பெண்களும் குரோஷே றேந்தையைக் கற்பித்தார்கள். குடும்பங்கள் பல அந்த ஊசியின் வருமானத்தில் உயிர்பிழைத்தன. எமக்கு அண்மையில், ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாப்பூர் இருக்கிறது. கிறிஸ்தவ மிஷனரிகளின் வழியாக 19ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த குரோஷே வேலை பெருந்தொகையான பெண்களின் வீட்டுத்தொழிலாக வளர்ந்தது. ஜேர்மனிய சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி எழுதிய ஆய்வுநூல் 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகச் சந்தைக்குப் பொருள் உற்பத்தி செய்கின்ற அந்தப் பெண்கள் தொழிலாளர்களாகக் கணிக்கப்படாமல், ஓய்வு நேரத்தைக் கழிக்கின்ற இல்லத்தரசிகளாகவே பார்க்கப்பட்டார்கள் என்பதும், அந்தப் பார்வையே அவர்களது கூலியைத் தாழ்த்தி வைத்திருக்க உதவியது என்பதும் அந்நூலின் மையக் கருத்து. 2024ஆம் ஆண்டில் நரசாப்பூர் குரோஷே றேந்தைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. கையின் கூலிக்கும் அது கிடைக்கவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

மீஸ் சொன்னதை எமது கரையோரத்திலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். வடக்கின் எந்த மீனவக் கிராமத்துக்குச் சென்றாலும் மரநிழலில் அமர்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும் ஆண்களைக் காணலாம். நூல், ஒரு சிறு கருவி, கண்ணி, முடிச்சு, எண்ணிக்கை. அதைத் தொழில் என்கிறோம். அந்த மனிதரைத் தொழிலாளி என்கிறோம். அதே ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் நூல், ஒரு சிறு கருவி, கண்ணி, எண்ணிக்கை என்று அதே வகையான அறிவைக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தால் அதைப் பொழுதுபோக்கு என்கிறோம். நான் ஊசியைக் கையில் எடுத்ததை அறிந்த சிலர், ஆண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று சிரித்தார்கள். அவர்களில் எவரும் வலை பின்னுகிறவரைப் பார்த்து அப்படிச் சிரிக்கமாட்டார்கள்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுக்கு வந்த பின்னர், குடும்பத்தைத் தனியே சுமக்கின்ற நிலைக்குத் தள்ளப்பட்ட பெண்கள் பலருக்கு வடக்கிலும் கிழக்கிலும் தையல் பயிற்சிகளும் கைப்பணிப் பயிற்சிகளும் அளிக்கப்பட்டன. அந்த முயற்சிகளின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால், ஒரு கைவேலையைக் கற்றுக்கொடுப்பது என்பது கையைப் பழக்குவதுடன் முடிந்துவிடுவதில்லை. ஒரு மாதிரியை வாசிக்கும் திறன், குறியீட்டு வரைபடத்தைப் புரிந்துகொள்ளும் திறன், செலவிட்ட மணித்தியாலங்களைக் கணக்கிட்டு விலை சொல்லும் துணிவு ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் கற்றவர் என்றைக்கும் இடைத்தரகரின் தயவில்தான் இருக்கவேண்டும். இந்த மூன்றையும் அவரது சொந்த மொழியில் கற்றுக்கொடுப்பதற்குச் சொற்கள் வேண்டும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் இந்த வேலை தெரிந்த மூத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களது கைகள் வேலை செய்வதைப் படம்பிடியுங்கள். ஒவ்வொரு படியிலும் அவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். ஊருக்கு ஊர் வேறுபட்ட சொற்கள் வெளிவரக்கூடும். நான் பரிந்துரைத்தவற்றைவிட அழகான ஒரு சொல் ஏதாவது ஒரு பாட்டியின் வாயில் ஏற்கெனவே இருக்கவும் கூடும். அது எழுத்தில் ஏறாமல் அவருடன் போய்விடக்கூடாது. ஊரில் இருந்து ஒரு பின்னல் விரிப்பை வாங்குகிறவர்கள் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு முன்னர் ஒரு வரிசையையாவது எண்ணிப்பார்க்கவேண்டும். எண்ணத் தொடங்கிய எவரும் பேரம் பேசமாட்டார்கள் என்பது எனது நம்பிக்கை.